மாட்டுப் பக்கமா, ஆள் பக்கமா? மதுரையில் ரசிகராக ஒரு வழி

கேள்வி சுருக்கமாக இது. கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி மதுரைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் ஒருவர் தோனி என்றால் உயிரை விடுகிறார், ஒருவர் மதுரை பேந்தர்ஸ் கிரிக்கெட் அணி, இன்னொருவர் தை பிறந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அலங்காநல்லூர் போய்விடுகிறார். வீட்டில் பத்து வயதுப் பையன் "நாம யாரு பக்கம்ப்பா?" என்று கேட்கிறான். எந்த விளையாட்டிலும் பிடிமானம் இல்லாத ஒருவர் எதை வைத்துப் பக்கம் எடுப்பது?

யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள் பக்கம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அந்தக் கணக்கு இரண்டு வருடம்கூடத் தாங்காது. 2023-ல் ஐபிஎல் கோப்பையை வாங்கிய சென்னை சூப்பர் கிங்ஸ் 2025-ல் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. கோப்பையைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் அந்த மே மாதம் டிவியை அணைத்துவிட்டுப் போனார்கள். வேறு ஏதோ ஒரு காரணத்துக்காகச் சேர்ந்தவர்கள் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேறு காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஊர், ஆள், ஆடும் விதம், மாமா சொன்னது, சட்டையின் நிறம்கூடப் போதும். ஆனால் தேர்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்களோ, ஆட்டத்தில் அதற்கு வேண்டியதுதான் உங்கள் கண்ணில் படும். அதனால் எதைப் பார்க்க ஆசை என்று முதலில் யோசியுங்கள். அதை அருகில் இருந்து காட்டும் பக்கத்தைப் பிறகு எடுங்கள்.

இதைப் பழக மதுரையைப் போல வசதியான ஊர் குறைவு. காரணம் ஜல்லிக்கட்டு. கிரிக்கெட்டில் ஒரு பக்கம் எடுத்தால் நான்கு மணி நேரம் அதே பக்கம். வாடிவாசலில் ஒவ்வொரு மாடு வரும்போதும் புதிதாகத் தீர்மானிக்கலாம், அரை நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை பக்கம் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த விளையாட்டிலும் கிடைக்காது.

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அவனியாபுரம் நகருக்குள்ளேயே விமான நிலையம் போகும் சாலையில் இருக்கிறது. பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல். அலங்காநல்லூரில் முனியாண்டி கோயிலை ஒட்டிய வாடி. இது தவிர, அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறது. சுமார் 5,000 பேர் உட்காரலாம். கூட்டத்துக்குப் பழகாதவர்கள், பையனைக் கூட்டிப் போகிறவர்கள் அரங்கில் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்து அங்கே தொடங்குவது நல்லது. படிக்கட்டு இருக்கை, எங்கிருந்து பார்த்தாலும் களம் முழுதும் தெரியும். ஊர் வாடியில் அப்படி இல்லை. வாடிக்கு நேர் அருகில் இடம் கிடைத்தால் மாடு வெளியே பாய்வது தெரியும், அதற்குப் பின் நடப்பது முதுகுகளுக்கிடையே மறைந்துவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பிடி விழுவதும் தெரியும், விடுவதும் தெரியும். காலை ஏழு மணியை ஒட்டித் தொடங்கி மாலை ஐந்து, ஆறு வரை போகும், எனவே விடியுமுன் போய்விட வேண்டும். தண்ணீர், தலைக்குத் துணி இரண்டும் கட்டாயம்.

முதலில் கோயில் காளைகள் வரும். அவற்றை யாரும் பிடிப்பதில்லை, கும்பிட்டுவிட்டு வழிவிடுவார்கள். அந்த நேரத்தில் "ஏன் ஒருத்தனும் தொடலை?" என்று சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

பிறகு போட்டி. ஒரு சுற்றுக்கு ஐம்பது பேர் அளவில் மாடுபிடி வீரர்கள் இறங்குவார்கள், சுற்றுக்குச் சுற்று பனியன் நிறம் மாறும். நன்றாகப் பிடித்தவர்கள் கடைசிச் சுற்றுக்குப் போவார்கள். விதி எளிது. திமிலை மட்டும்தான் அணைக்கலாம். கொம்பு, வால், கால் எதையும் தொடக் கூடாது. திமிலை அணைத்தபடி 15 மீட்டர் கூடவே போக வேண்டும், அல்லது 30 விநாடி தாங்க வேண்டும், அல்லது மாடு மூன்று துள்ளு துள்ளும் வரை விடாமல் இருக்க வேண்டும். ஒருவர்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் தொங்கினால் மைக்கில் கத்திக்கொண்டே இருப்பார்கள், பரிசு இல்லாமல் போகும். பிடித்தால் பரிசு வீரருக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு.

இப்போது பக்கம். ஆள் பக்கம் நின்றால் நீங்கள் பார்க்க வேண்டியது மாட்டை அல்ல, பிடிப்பவரின் கால்களை. தேர்ந்தவர் வாடிக்கு நேர் எதிரில் நிற்க மாட்டார். ஓரத்துச் சுவரை ஒட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் எடையை முன்பாதத்தில் வைத்துக் காத்திருப்பார். தலையைக் கடந்துபோக விட்டு, கொம்பு தன் தோளைத் தாண்டிய பிறகுதான் பாய்வார். அவசரக்காரர் தலை வரும்போதே பாய்ந்து கொம்பில் விழுவார். அணைத்த பின் நெஞ்சை மாட்டின் விலாவோடு ஒட்டவைத்துக் காலை இழுத்துக்கொண்டே ஓடுவது ஒரு கலை. உடம்புக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டாலும் முதல் உதறலில் கழன்றுவிடும். தரையில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்புவது விழுகிறவர்களுக்காகத்தான். ஒரு சுற்றில் ஒரு பனியன் எண்ணைத் தேர்ந்துகொண்டு அவரை மட்டும் பின்தொடருங்கள். முக்கால்வாசி நேரம் அவர் எதுவும் செய்யாமல் நிற்பார். எந்த மாட்டை விட்டுவிடுகிறார் என்பதில்தான் அவர் புத்தி தெரியும். எல்லா மாட்டுக்கும் பாய்கிறவர் பத்தாவது மாட்டுக்குள் களைத்து ஓரம் கட்டிவிடுவார்.

மாட்டுப் பக்கம் நின்றால் முதல் இரண்டு விநாடி முக்கியம். மாடு வாடிக்குள் நிற்கும்போதே மூக்கணாங்கயிறை அறுத்து விடுவார்கள். வெளியே வரும் விதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அம்பு மாதிரி நேரே பாய்ந்து, ஒருத்தர் கையும் படாமல் எல்லையைத் தாண்டிப் போய்விடும். இன்னொன்று நின்று விளையாடும் மாடு. வெளியே வந்து நடுவில் நிற்கும், சுற்றிலும் பார்க்கும், எட்ட நிற்கிறவரைத் தேடிப் போகும், பின்னால் வருகிறவரைப் பின்னங்காலில் திரும்பித் துரத்தும். பாய்ந்து போகிற மாடும் ஜெயித்த மாடுதான், கணக்கில் வித்தியாசம் இல்லை. ஆனால் கூட்டம் எழுந்து நிற்பது இரண்டாவது மாட்டுக்குத்தான், சிறந்த காளைக்கான பரிசும் பெரும்பாலும் அதற்குத்தான். எல்லாரும் வேலியில் ஏறித் தொங்க, களத்தில் தனியாக அது நிற்கும் பத்து விநாடியைப் பார்த்துவிட்டால் பலர் ஆயுசுக்கும் மாட்டுப் பக்கம்தான்.

மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. அது மாட்டுக்காரர் பக்கம். பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு என்று வருடம் முழுவதும் போட்டு, தினமும் நடக்க வைத்து, குளத்தில் நீந்த விட்டு, மண்மேட்டைக் குத்தப் பழக்கி வளர்த்த மாடு களத்தில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவர் அதையும் பார்க்க முடியாது. வாடியில் கயிறை விட்டதும் மறு முனைக்கு ஓட வேண்டும், மாட்டைத் திரும்பப் பிடிக்க. மைக்கில் ஊர்ப் பெயரும் மாட்டுக்காரர் பெயரும் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். பெண்கள் பெயரில் வரும் மாடுகள் உண்டு, பள்ளிப் பிள்ளைகள் பெயரில் வருவதும் உண்டு. ஏதாவது ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர் மாடு எது வந்தாலும் அதற்கு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரரோ பால்காரரோ எந்த ஊர் என்று கேட்டு அந்த ஊரை எடுத்தால் பொங்கல் முடிந்தும் பேச்சு தொடரும்.

பையனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, மாடு பிடிபட்டதா, பாய்ந்து போனதா, நின்று விளையாடியதா என்று குறிக்கச் சொல்லுங்கள். ஐம்பது மாடு எழுதிய பின் அவனே ஒரு பக்கம் எடுத்திருப்பான்.

தவறு எங்கே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காயம் படுவது வீரர்களுக்கு மட்டும் இல்லை. களத்தைத் தாண்டி மாடுகளைத் திரும்பப் பிடிக்கும் இடத்தில், கயிறும் இல்லாமல் மிரட்சியோடு வரும் மாட்டுக்கு முன்னால் வேடிக்கை பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது வருடா வருடம் நடக்கிறது. நல்ல மாட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று யார் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள், பையனோடு போகவே போகாதீர்கள். இன்னொன்று, இந்த விளையாட்டே கூடாது என்று நினைக்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தடை போட்டது, 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மதுரை தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் கூட்டம் உட்கார்ந்தது, மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. மாடு மிரளுவதைப் பார்த்து உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால், ஊரே போகிறது என்பதற்காகப் போக வேண்டியதில்லை. வேறு களங்கள் இருக்கின்றன.

அடுத்தது கபடி. இங்கே பக்கம் எடுப்பதற்குக் கொஞ்சம் கண் பழக வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பார்ப்பவர் கண் பாடிப் போகிறவரையே சுற்றும். முதல் சில ஆட்டங்களில் வேண்டுமென்றே தடுப்பவர்கள் பக்கம் நில்லுங்கள். ஏழு பேரில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் கார்னர். பாடி வருபவரின் கணுக்காலைப் பிடிப்பது பெரும்பாலும் அவர்கள் வேலை. அவர்களுக்கு அடுத்து நிற்கும் கவர் ஆட்டக்காரர் தோளால் இடித்து வெளியே தள்ளுவார். இருவரில் ஒருவர் அரை விநாடி முந்தினாலும் கைகோத்து நிற்கும் சங்கிலி அறுந்து, பாடியவர் இரண்டு மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு பாடலுக்கு, அதாவது ஒரு முறை பாடிப் போய் வர, 30 விநாடிதான். தொடர்ந்து இரண்டு முறை புள்ளி இல்லாமல் திரும்பினால், புரோ கபடி விதிப்படி மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாடியவர் அவுட். எனவே இரண்டு வெற்றுப் பாடல் ஆனதும் நிமிர்ந்து உட்காருங்கள். அதே மாதிரி, தடுக்கும் பக்கம் மூன்று பேர் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. தோற்கும் அணி எழுந்து வருவது அங்கேதான். பின்தங்கியவர் பக்கம் நிற்கப் பிடிக்கும் என்றால் இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது. ஏழு பேரும் அவுட்டானால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி போய்விடும், ஆனால் ஏழு பேரும் மறுபடி உள்ளே வருவார்கள். ஆட்டம் புதிதாகத் தொடங்கின மாதிரி இருக்கும்.

கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் மதுரையைச் சுற்றிக் கிராமங்களில் விளக்கு வெளிச்சத்தில் கபடி நடக்கும், சுவரொட்டி பார்த்துப் போகலாம். விடிய விடிய நடப்பதும் உண்டு. முதல் சுற்றில் ஒரு ஊரை எடுத்து, அது தோற்றால் அதைத் தோற்கடித்த ஊரை எடுங்கள். இறுதி ஆட்டம் வரும்போது உங்கள் கையில் ஒரு அணி நிச்சயம் இருக்கும், அதன் பலமும் தெரிந்திருக்கும். குறிப்பெடுக்காமலே ஒரு போட்டியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

டிவியில் பார்ப்பதென்றால் தமிழ் தலைவாஸ் இருக்கிறது. 2017-ல் புரோ கபடிக்குள் வந்தது, பட்டம் வாங்குவதைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாதபடி முதல் பல சீசன்களைக் கழித்தது. 2022 ஏலத்தில் நட்சத்திர ஆட்டக்காரர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள், அதுவரை யாரும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி, சீசன் முழுக்க வெளியே. அவர் இல்லாமல் ஆடிய அந்த சீசனில்தான் அணி முதல்முறையாக அரையிறுதி வரை போனது. பவனுக்காக உட்கார்ந்தவர்கள் இரண்டாவது வாரமே எழுந்துவிட்டார்கள். அணிக்காக உட்கார்ந்தவர்களுக்குச் சின்னப் பையன்கள் ஆடிய நல்ல ஆட்டம் கிடைத்தது.

இங்கே ஆளை ஆதரிப்பதா, அணியை ஆதரிப்பதா என்ற பழைய வழக்கு வருகிறது. மதுரையில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் ரசிகர் மன்றம் வைத்துப் பழகிய ஊர் இது. கட்டவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி, ஊர் முழுக்கப் போஸ்டர். அந்தப் பழக்கத்தோடு கிரிக்கெட்டுக்கு வருகிறவர்கள் ஆளைத்தான் எடுப்பார்கள். சினிமாவில் கதாநாயகன் இடைவேளையில் அடிபட்டாலும் கிளைமாக்ஸில் எழுந்து வருவார், அப்படித்தான் எழுதியிருக்கும். மைதானத்தில் அப்படி ஒருவரும் எழுதி வைக்கவில்லை. முதல் பந்தில் அவுட்டானவர் அன்று திரும்பி வர மாட்டார். இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் ஆளை ஆதரிப்பதில் தப்பே இல்லை. ஒரு ஆட்டக்காரரின் பதினைந்து வருடத்தைத் தொடர்ந்து பார்த்தவருக்கு, அவர் முப்பத்தைந்து வயதில் எந்த ஷாட்டை ஆடுவதை நிறுத்தினார், பதிலுக்கு எதைக் கற்றுக்கொண்டார் என்பது தெரியும். அணி ரசிகருக்கு அது தெரியாது.

சென்னை சூப்பர் கிங்ஸை 2016, 2017 இரண்டு சீசன்கள் தடை செய்தபோது இந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடைத்த மாதிரி ஆனது. தோனி புனே அணிக்குப் போனார். ஆளை எடுத்தவர்கள் அவர் பின்னாலேயே புனேவுக்கு விசிலடித்தார்கள். அணியை எடுத்தவர்கள் இரண்டு வருடம் விரதம் இருந்தார்கள். 2018-ல் அணி திரும்பி வந்து, சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. காவிரிப் போராட்டம் காரணமாக மற்ற சொந்த ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றினார்கள், சென்னையிலிருந்து ரசிகர்களுக்கென்று தனி ரயிலே போனது. அந்த வருடம் கோப்பை. இரண்டு கூட்டமும் தாங்கள்தான் சரி என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

மதுரைக்கு என்று சொந்தமாக ஒரு அணி வேண்டுமென்றால் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) இருக்கிறது. 2016-ல் தொடங்கிய இந்த லீக்கில் மதுரை பேந்தர்ஸ் 2018-ல் பட்டம் வாங்கியது, இறுதி ஆட்டத்தில் தோற்றது பக்கத்து ஊர் திண்டுக்கல் டிராகன்ஸ். அந்த வருட மதுரை அணியில்தான் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி பலர் கண்ணில் பட்டார். பின்னாளில் அவரே திண்டுக்கல் அணிக்கு ஆடினார். 2024-ல் அஷ்வின் தலைமையில் திண்டுக்கல்லும் பட்டம் வாங்கியது. இந்த லீக்கில் பக்கம் எடுக்க என் யோசனை, அணியோடு சேர்த்து இன்னும் பெரிய பெயர் எடுக்காத ஒரு ஆட்டக்காரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுப் பந்துவீச்சாளராக இருந்தால் நல்லது. அவர் மாநில அணியில் ரஞ்சி கோப்பைக்குப் போகிறாரா, ஐபிஎல் ஏலத்தில் பெயர் வருகிறதா என்று வருடம் முழுக்கப் பார்க்க ஒரு நூல் கிடைக்கும். அணி மாறினால் வருத்தப்படலாம், வசைபாட வேண்டாம். இந்த லீக்கில் ஆட்டக்காரர்கள் ஏலத்தில் போகிறவர்கள், ஊரைக் கைவிட்டுப் போகிறவர்கள் இல்லை.

இன்னொரு ரகம் உண்டு, கணக்கு ரசிகர். அவருக்குத் தன் அணி ஆடாத ஆட்டம்தான் முக்கியம். ஐபிஎல்லில் ஒரு அணிக்கு 14 லீக் ஆட்டம், முதல் நான்கு இடம் அடுத்த கட்டத்துக்குப் போகும். எட்டாவது, ஒன்பதாவது ஆட்டம் ஆனதிலிருந்து இவர் பட்டியலை வைத்துக்கொண்டு யார் யாரிடம் தோற்க வேண்டும் என்று பார்ப்பார். பக்கமே இல்லாத ஆட்டத்தில் பக்கம் எடுக்க இது சுலபமான வழி. புள்ளி சமமானால் நெட் ரன் ரேட். அதைப் போடத் தெரியாமல் பேசுகிறவர்களே அதிகம், எனவே ஒரு முறை போட்டுப் பாருங்கள். உங்கள் அணி 20 ஓவரில் 180 எடுத்தது, ஓவருக்கு 9. எதிரணி 20 ஓவரில் 160, ஓவருக்கு 8. வித்தியாசம் கூட்டல் 1. இப்போது எதிரணி 16 ஓவரிலேயே 120-க்கு ஆல் அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120-ஐ 16-ஆல் வகுத்து ஓவருக்கு ஏழரை என்று போட்டால் தப்பு. ஆல் அவுட்டானால் முழு 20 ஓவரும் ஆடியதாகத்தான் கணக்கு, எனவே 6. வித்தியாசம் கூட்டல் 3. சீசன் முழுதுக்கும் போடும்போது ஒவ்வொரு ஆட்டத்தின் வித்தியாசத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. எல்லா ஆட்டத்தின் ரன்னையும் ஒன்றாகக் கூட்டி, எல்லா ஓவரையும் ஒன்றாகக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு வகுத்தல் கணக்கு பழக இது போதும்.

பக்கமே எடுக்காமல் நல்ல ஆட்டம் வேண்டும் என்று உட்காருகிறவரும் ரசிகர்தான். இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. 1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. தொண்டை அடைத்துப்போயிருந்த அதே கூட்டம் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. பக்கம் எடுத்திருந்தவர்கள்தான் அவர்கள், தோல்வி சுட்டதும் உண்மை. மதுரையில் இந்த மாதிரி உட்காரும் வாய்ப்பு 2025 நவம்பர், டிசம்பரில் வந்தது. ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின, 24 நாடுகள். ரேஸ்கோர்ஸ் பக்கம் போட்ட புதிய செயற்கைப் புல்தரையில் இந்தியாவும் ஒரு ஆட்டம் ஆடியது, மற்றதெல்லாம் முன்பின் தெரியாத நாடுகளின் பையன்கள். அப்படி ஒரு ஆட்டத்துக்குப் போனால் முதல் கால் பகுதியான 15 நிமிடம் சும்மா பாருங்கள். பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பில்) எந்த அணி புதுப் புது வித்தை வைக்கிறதோ, பந்து போனதும் எந்த அணி உடனே துரத்துகிறதோ, அந்த அணியை இரண்டாவது கால் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கொடியைப் பார்த்து எடுப்பதைவிட இது நன்றாக இருக்கும்.

பையனுக்குத் தனி ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். மதுரையின் ஜெர்லின் அனிகா செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கி அர்ஜுனா விருதும் பெற்றார். ஓட்டப்பந்தய ரசிகராவதில் ஒரு சங்கடம் உண்டு. வருடத்தில் நான்கைந்து நாள்தான் பார்க்கக் கிடைக்கும், டிவியிலும் எல்லாம் வராது. அதற்குப் பதில் இடத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். ஐந்தாவதாக வந்தாலும் தன் சொந்தச் சிறந்த நேரத்தை முறியடித்தால் அது நல்ல நாள். தோல்வியைத் தாங்கத் தெரியாத பையனுக்கு இது நல்ல பழக்கம்.

வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கோவைக்காரர், லைகா கோவை கிங்ஸை விட மனம் வராது. பையன் மதுரைப் பள்ளியில் படிக்கிறான், அவனுக்கு மதுரை என்றால் விடுங்கள். பந்தயம் வேண்டுமென்றால் தோற்றவர் வீடு கூட்டட்டும், இல்லை ஜிகர்தண்டா வாங்கித் தரட்டும். காசு வைத்து மட்டும் வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ரசிகருக்கு அதில் வேறு கெடுதலும் இருந்தது. இரண்டு அணியிலிருந்தும் பதினொரு பேரைக் கலந்து எடுத்துப் பணம் கட்டியவர், தன் அணி விக்கெட் எதிரணியில் தான் எடுத்த பந்துவீச்சாளரிடமே விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது.

"நாம ஜெயிச்சுட்டோம், அவனுங்க தோத்துட்டானுங்க" என்று ஒரே ஆள் சொல்வதை அலுவலகத்தில் கேட்பீர்கள். சிரிக்க வேண்டாம், உலகம் முழுக்க இது உண்டு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976-ல் இதையே கண்டு எழுதினார். வார இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் திங்கட்கிழமை கல்லூரிச் சட்டையைப் போட்டு வருகிறவர்கள் அதிகம், ஜெயித்தால் "நாம்" என்றும் தோற்றால் "அவர்கள்" என்றும் பேசுகிறவர்கள் அதிகம். எனவே ஒருவர் உண்மையில் எந்த அணி என்று தெரிய வேண்டுமென்றால், தோற்ற மறுநாள் காலை டீக்கடையில் அவர் "நாம" என்கிறாரா "அவனுங்க" என்கிறாரா என்று கேளுங்கள். பையனிடமும் அப்படியே பார்க்கலாம்.

உங்களுக்கு உடனே செய்ய ஒரு வேலை. டிஎன்பிஎல் அட்டவணை வந்ததும் நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் மதுரையும் திண்டுக்கல்லும் மோதும் நாள் இருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்கு அது திண்டுக்கல் மைதானம், ஆனால் இரண்டு ஊருக்கும் நத்தம் ஏறக்குறைய ஒரே தூரம், மதுரையிலிருந்து 40 கி.மீ. அளவுதான். நத்தம் சாலையில் ஏழு கி.மீ.க்கு மேல் நீளும் மேம்பாலம் வந்த பிறகு ஊரைத் தாண்டுவதும் சுலபம். மைதானம் சின்னது, ஆட்டக்காரர் முகம் தெரியும், பந்து மட்டையில் படும் சத்தம் கேட்கும், எதிர்ப் பக்கத்து ரசிகர் பக்கத்து இருக்கையிலேயே இருப்பார். இரவு ஆட்டம் ஏழு மணியை ஒட்டித் தொடங்கினால் முடிய பதினொன்று ஆகிவிடும். திரும்பி வர வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பையனுக்கு ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரம், ராத்திரியில் காற்று குளிரும்.